யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆசிரியர்களுக்கு

ஒரே நாளில் பதினொரு இடம். வெளி மாவட்டப் பாடசாலை ஒன்று எனக்கு அனுப்பிய கல்விச் சுற்றுலாத் திட்டத்தில் அப்படித்தான் இருந்தது. காலை ஆறரைக்கு நிலாவரை, ஏழேகாலுக்குக் கீரிமலை, எட்டரைக்குக் கந்தரோடை என்று பட்டியல் இரவு எட்டு மணி வரை போனது. அந்த ஆசிரியைக்குத் தொலைபேசி எடுத்து, ஏழு இடங்களை வெட்டச் சொன்னேன். அவர் தயங்கினார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எதையும் விடக் கூடாது என்று பெற்றோர் நினைப்பார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் நானும் சரித்திர ஆசிரியையாக வந்த புதிதில் இதைத்தான் செய்தேன். திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னபோது, தரம் 9 பிள்ளை ஒருத்தி கோட்டைக்குள்ளே கீரிமலைக் கேணி இருப்பதாக எழுதியிருந்தாள். பிழை அவளுடையதல்ல. நான் அவளை எந்த இடத்திலும் நிற்க விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு நாளுக்கு ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு உதவாத இடம் எவ்வளவு பெரிய பெயர் பெற்றிருந்தாலும் அன்றைக்கு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி தண்ணீர் பற்றியது. மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால், யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறே இல்லை. அப்படியானால் இத்தனை சனமும் இத்தனை தோட்டமும் எங்கிருந்து தண்ணீர் எடுக்கின்றன? மலையகத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடை சலசலக்க வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பஸ் ஆனையிறவைத் தாண்டியதுமே யன்னலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

புறப்படுவதற்கு முதல் வாரமே வகுப்பில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு கண்ணாடிக் கிளாசில் பாதி அளவுக்கு உப்புத் தண்ணீர் எடுத்து, கொஞ்சம் நிறம் கலந்துகொள்ளுங்கள். அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகில் பட்டு வழியும்படி நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது என்பதால் மேலே மிதக்கும். இனி ஒரு ஸ்ட்ரோவை மேல் தண்ணீரில் வைத்து ஒரு பிள்ளையை மெதுவாக உறிஞ்சச் சொல்லுங்கள். பிறகு இன்னொரு பிள்ளையை வேகமாக உறிஞ்சச் சொல்லுங்கள். வேகமாக உறிஞ்சினால் கீழே இருக்கும் நிறத் தண்ணீர் கிளம்பி மேலே வரும். குடாநாட்டின் நிலத்தடி நீர் இருக்கும் நிலையும் இதுதான். சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர், அடியில் இருக்கும் கடல் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும். இதைக் கிளாசில் பார்த்த பிள்ளைக்கு நிலாவரையில் நீங்கள் அதிகம் விளக்க வேண்டி வராது.

நிலாவரைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். புத்தூருக்குப் பக்கத்தில் நவக்கிரியில் இருக்கிறது. பார்வைக்குப் படி வைத்துக் கட்டிய சதுரக் கேணி போலத்தான் தெரியும். இராமர் அம்பு விட்டுத் தோண்டியது, அடியே இல்லாதது என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கதையை முதலில் சொல்லுங்கள், பிள்ளைகள் அதை விரும்பிக் கேட்பார்கள். பிறகு உள்ளதைச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் சுண்ணக்கல்லை மெல்லக் கரைத்து நிலத்துக்குக் கீழே குகைகளை உண்டாக்கும். அப்படி ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்த இடம் இது. மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. கிளாஸ் சோதனையை யாராவது ஒரு பிள்ளை தானாகவே நினைவுபடுத்துவான். அதுவரை பொறுத்திருங்கள், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். விளிம்பில் ஓடிப் பிடித்து விளையாட மட்டும் விடாதீர்கள்.

அந்தப் பக்கம் முழுவதும் செம்மண் தோட்டம். வெங்காயம், புகையிலை, மரவள்ளி, வாழை. ஒரு தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தால் பிள்ளைகள் அரை மணித்தியாலம் அவரோடு கதைக்கலாம். எத்தனை மணிக்கு இறைக்கிறார், அவருடைய அப்பா காலத்தில் துலாவால் எப்படி இறைத்தார்கள், கிணற்றுத் தண்ணீரின் ருசி மாறியிருக்கிறதா என்று கேட்கட்டும். என் அனுபவத்தில் எந்தக் கட்டடத்தையும்விடப் பிள்ளைகள் அதிகம் குறிப்பெடுப்பது இந்த அரை மணித்தியாலத்தில்தான்.

அடுத்தது கீரிமலை. கடலுக்கும் கேணிக்கும் இடையில் ஒரு மதில்தான். ஒரு விரலைக் கடலில் நனைத்து நாக்கில் வைக்கச் சொல்லுங்கள், பிறகு கேணியில். கேணித் தண்ணீர் கடலைப் போலக் கரிக்காது. நிலத்துக்கு அடியால் கடலை நோக்கி ஓடி வரும் நல்ல தண்ணீர் இங்கே வெளியே வருகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள் உண்டு. குளிப்பதென்றால் மாற்றுடுப்புக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடம் விடுங்கள். ஆடி அமாவாசை அன்று போக வேண்டாம். தகப்பனை இழந்தவர்கள் பிதிர்க்கடன் செய்ய வரும் நாள் அது, சுற்றுலாக் கூட்டம் அவர்களுக்கு இடைஞ்சல். பக்கத்தில் நகுலேஸ்வரம் கோயில் இருக்கிறது. கழிப்பறை வேலை எல்லாவற்றையும் கீரிமலையிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள்.

திரும்பும் வழியில் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் கந்தரோடை. ஒழுங்கை ஒடுக்கம், பெரிய பஸ்ஸை வீதியில் நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. பனைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கல் தூபிகள் கூட்டமாக நிற்கும். போல் ஈ. பீரிஸ் என்ற ஆய்வாளர் நூறு வருடங்களுக்கு முன் ஆராய்ந்து எழுதிய இடம். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் இங்கே அகழ்ந்தார்கள். பௌத்தச் சின்னம் யாழ்ப்பாணத்தில் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். பழைய காலத்தில் தமிழர் மத்தியிலும் பௌத்தம் இருந்தது, மணிமேகலை என்ற காப்பியமே அதற்குச் சாட்சி என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் கோட்டை. நடுப்பகலில் கொண்டுபோய் விடாதீர்கள், கொத்தளத்தின்மேல் நிழல் என்பதே இல்லை. நான் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஒரே வேலை: சுவருக்குக் கிட்டப் போய்க் கல்லைப் பாருங்கள். பூப் போலவும் மூளை மடிப்புப் போலவும் கோலங்கள் தெரியும். அவை முருகைக்கல், ஒரு காலத்தில் கடலில் உயிரோடு இருந்தவை. காலையில் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்த நிலமும் கடல்வாழ் உயிர்களின் கூடுகள் படிந்து உண்டான கல்தான் என்று அப்போது சொன்னால், அன்றைய நாள் முழுக்க ஒன்றோடொன்று சேரும். பிறகு சரித்திரம். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658இல் பிடித்த ஒல்லாந்தர், அதை ஐந்து கொத்தளங்கள் உள்ள ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். 1795இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. உள்ளே 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் போரில் இடிந்து கற்குவியலாகக் கிடக்கிறது. அந்தக் குவியலில் ஏற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது நாள் இருந்தால் கேள்வியை மாற்றுவேன். படிப்பு இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயமானது?

காலையில் திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். சேர். பொன். இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில், 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக அது ஆரம்பித்தது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. பழைய கல்லூரிக் காலத்துப் பரமேஸ்வரன் கோயிலை வளவுக்குள்ளேயே பார்க்கலாம். சும்மா உள்ளே போய்க் கட்டடம் பார்த்து வருவதில் பயனில்லை. எந்தத் துறையைப் பார்க்க விரும்புகிறீர்கள், எத்தனை பிள்ளைகள், என்ன தரம் என்று எழுதி ஒரு மாதம் முன்பே அனுமதி கேளுங்கள். பரீட்சைக் காலமாக இருந்தால் வேறு திகதி கேளுங்கள். பொறியியல், விவசாயம் படிக்கும் கனவோடு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. தெற்கிலிருந்து ஏ9 வீதியால் வருகிறவர்கள் வரும் வழியிலேயே பார்த்துவிடலாம்.

பொது நூலகத்துக்கும் இதே போல முன்கூட்டியே கடிதம் வேண்டும். உள்ளே போகுமுன் பிள்ளைகளை வெளியே சரஸ்வதி சிலைக்குக் கிட்ட இருத்திக் கதையைச் சொல்லி முடியுங்கள். உள்ளே ஆட்கள் வாசித்துக்கொண்டிருப்பார்கள், அங்கே பேச்சு வேண்டாம். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் வைத்துத் தொடங்கிய முயற்சி, ஊர் முழுக்கக் காசு சேர்த்துப் பெரிய கட்டடமாக 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31க்கும் யூன் 1க்கும் இடைப்பட்ட இரவில் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. இந்த எண்ணைப் பிள்ளைகளின் மனம் பிடித்துக்கொள்ளாது. அதனால் நான் என் வீட்டுக் கதையைச் சொல்வேன். அக்காவின் பெயரில் எடுத்த ஒரு புத்தகம் அந்த இரவில் எங்கள் வீட்டு மேசையில் இருந்தது. திருப்பிக் கொடுக்க இடமில்லை. அம்மா அதைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தார். 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அதுவும் போய்விட்டது. இதைச் சொல்லிவிட்டு, திரும்ப வாங்க முடியாத ஒரு எழுத்து உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். பாட்டியின் கடிதம், தாத்தாவின் தோட்டக் கணக்குக் கொப்பி என்று ஒவ்வொன்றாக வரும். உங்களிடமும் அப்படி ஒரு கதை இருக்கும். அதைச் சொல்லுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மானிப்பாய் வீதியால் வட்டுக்கோட்டைக்குப் போங்கள். வழியில் ஆனைக்கோட்டை. 1980இல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே ஒரு பெருங்கற்காலப் புதைகுழியில் பிராமி எழுத்துள்ள முத்திரை ஒன்றைக் கண்டெடுத்தார்கள். இன்று பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, பஸ்ஸில் இருந்தபடியே சொன்னால் போதும். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823இல் செமினரி தொடங்கிய இடத்தில் இன்று யாழ்ப்பாணக் கல்லூரி இருக்கிறது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும் இங்கே படித்தவர்கள். அவர்களில் ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. ஏட்டில் அழிந்துகொண்டிருந்த கலித்தொகையைத் தேடி எடுத்து அச்சில் ஏற்றியவர். எரிந்த ஏடுகளைப் பற்றிக் காலையில் கேட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் மறக்காது. பாடசாலை நடக்கும் வளவு என்பதால் அதிபரின் அனுமதி அவசியம்.

மாலையில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில். பையன்கள் சேர்ட்டைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். கூச்சப்படும் வயது, அதனால் புறப்படுமுன்பே சொல்லி வையுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வேறு சமயப் பிள்ளைகள் உள்ளே போக விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் ஒரு ஆசிரியரோடு வெளிவீதியில் நிற்க விடுங்கள். பிறகு பக்கத்தில் ஐஸ்கிரீம் கடை. இதற்கு முழுதாக அரை மணித்தியாலம் கொடுங்கள், பிள்ளைகளுக்கு அதுவும் யாழ்ப்பாணம்தான். மறுநாள் விடியப் புறப்படுவதென்றால் திருநெல்வேலிச் சந்தையில் பனங்கட்டி, புழுக்கொடியல், பனாட்டு என்று பனையில் கிடைப்பவற்றை வாங்கலாம். ஆளுக்கு ஒரு துண்டு புழுக்கொடியலைக் கடிக்கக் கொடுங்கள்.

நெடுந்தீவு தனி நாள். பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகட்டுவானில் படகு ஏற வேண்டும். கடலில் ஒரு மணித்தியாலம் வரை. முருகைக்கல் வேலி, காட்டுக் குதிரை, பெருக்குமரம் எல்லாம் அருமைதான். ஆனால் சோளகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கரடு, சின்ன வகுப்புகளைக் கொண்டுபோகாதீர்கள். பாதுகாப்பு அங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்த பிறகு ஏறுங்கள். தீவில் இறங்கியவுடனேயே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கு நயினாதீவு போதும். அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன.

எப்போது வருவது? மாசி, பங்குனி நல்ல காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் தங்க இடம் கிடைப்பது கடினம், கோயிலைச் சுற்றி வீதிகளும் மூடியிருக்கும். வலயக் கல்வி அலுவலக அனுமதிக்குப் போகும் விண்ணப்பத்தில் இடங்களின் பெயர்களோடு அந்த நாளுக்கான கேள்வியையும் ஒரு வரியில் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டுத் தன் பாடசாலைக்கும் அப்படியே செய்த அதிபர்களை எனக்குத் தெரியும்.

திரும்பிப் போனதும் ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதட்டும். அவற்றில் நல்லது இரண்டைத் தெரிந்து, உங்களுக்கு நேரம் ஒதுக்கிப் பேசியவர்களுக்குத் தபாலில் அனுப்புங்கள். நவக்கிரித் தோட்டக்காரர் ஒருவர் அப்படி வந்த கடிதங்களைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அடுத்த பஸ் வரும்போது அவற்றை எடுத்துக்கொண்டுதான் கிணற்றடிக்கு வருவார்.