வண்டியைக் கேட்டால் கொடுக்கலாமா?

பைக்கை ஒருவர் கேட்டால், எத்தனை வருஷமாக ஓட்டுகிறார் என்று விசாரிப்பதில் பெரிய பயன் இல்லை. கடைசியாக என்ன வண்டி ஓட்டினார், எப்போது ஓட்டினார் என்று கேளுங்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரிலேயே பழகியவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஸ்கூட்டரில் இடது கை லீவர் பிரேக். பைக்கில் அது கிளட்ச். திடீரென்று யாராவது குறுக்கே வந்தால் பழக்கத்தில் இடது கையைத்தான் இறுக்குவார். வண்டி நிற்காது, இன்ஜின் பிடிப்பும் விட்டுப்போய் அதே வேகத்தில் உருளும். வலது காலுக்குப் பின் பிரேக் இருப்பதே நினைவுக்கு வராது.

முதலில் காகிதம். அவருடைய லைசென்ஸ் கியர் பைக்குக்கு உரியதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். உங்கள் இன்சூரன்ஸ் மற்றவர் ஓட்டினாலும் செல்லுமா என்று பாலிசியைப் படியுங்கள். இதில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், சாவியைக் கொடுக்க வேண்டாம். வண்டி அடிபட்டால் செலவு யாருடையது என்பதையும் சாவி கை மாறும் முன்பே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் உறவுதான் கெடும்.

அடுத்து, இன்ஜினை அணைத்தபடியே உட்காரச் சொல்லுங்கள். இரண்டு முன்பாதமும் தரையில் பதிய வேண்டும். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, பத்தடி முன்னும் பின்னும் தள்ளிக் காட்டட்டும். இங்கேயே தடுமாறினால் அந்த எடை அவருக்கு அதிகம்.

பிறகு ஆளில்லாத சமதரை. முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மெல்ல விடச் சொல்லுங்கள். இன்ஜின் சத்தம் தாழ்ந்து வண்டி லேசாக நகரும் இடத்தைக் கை உணர வேண்டும். கேபிள் எப்படிச் செட் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இது வண்டிக்கு வண்டி மாறும். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: கிளட்ச் தாமதமாகப் பிடிக்கிறதென்று ஆக்ஸிலேட்டரை முறுக்கி, கிளட்ச்சைச் சட்டென்று விடுவார்கள். வண்டி பாயும், உடல் பின்னால் சாயும், தொங்கும் கையே ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கிவிடும். மணிக்கட்டைத் தாழ்த்தாமல் நேராக வைக்கச் சொல்லுங்கள். வண்டி துள்ளினால் முதல் வேலை கிளட்ச்சை முழுதாகப் பிடிப்பது.

கால் ஊன்றாமல் 20 மீட்டர் நடை வேகத்தில் போய், ஒரு எட்டு போட்டு, மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து இரண்டு பிரேக்கையும் பிடித்து நேராக நிறுத்திக் காட்டட்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணலிலோ முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி சரிந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள்.

டயரோ பிரேக் பேடோ புதிதாக மாட்டியிருந்தால் அவை பழகும்வரை இரவல் வேண்டாம்.

வண்டி திரும்பியதும் அவர் இருக்கும்போதே லீவர் நுனி, ஹேண்டில் முனை, கியர் லீவர், ஃபுட்ரெஸ்ட் முனை ஆகியவற்றைப் பாருங்கள். சாய்ந்து விழுந்த வண்டி இவற்றில்தான் தடம் காட்டும். கருகிய வாடை அடித்தால் கிளட்ச் வழுக்கியிருக்கலாம். ஆறவிட்டு, கிளட்ச் லீவரில் ஃப்ரீ ப்ளே, அதாவது இழுக்கத் தொடங்கும்போது தளர்வாக நகரும் சிறு இடைவெளி, இருக்கிறதா என்று பார்த்து, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.