ஒத்தப் பாலத்த நம்பி இருக்குற ஊர்ல தீப்பிடிச்சா நாம பண்ற தப்புகள்

எங்க ஊரு சோழவந்தான் பக்கம். முன்னாடி வைகை, பின்னாடி வாய்க்கா, அதத் தாண்டி ரயில் ரோடு. மெயின் ரோட்டுக்குப் போகணும்னா வாய்க்கா மேல ஒரே ஒரு பாலம், ஆத்துப் பக்கம் ஒரு தரைப்பாலம் இருக்கு ஆனா தண்ணி வந்தா அது இருக்குற இடமே தெரியாது. கடல் ஒண்ணு தான் இல்ல, மத்தபடி தீவு தான்.

போன பங்குனில மாமாவோட வைக்கப்படப்பு பிடிச்சுருச்சு. ராத்திரி எட்டு மணி இருக்கும், காத்து வேற. தீயணைப்பு வண்டி என்னமோ இருபது நிமிஷத்துல வந்துருச்சு, ஆனா பாலத்துக்கு அங்கிட்டே நின்னுருச்சு. ஏன்னா மணல் லாரி வரக்கூடாதுன்னு நாங்களே தான் சண்டை போட்டு பாலத்து வாயில குறுக்கால இரும்புக் கம்பி வச்சு பூட்டு போட வச்சோம், அந்தச் சாவி வச்சிருந்தவரு அன்னைக்கு மதுரைல ஒரு கல்யாணத்துல பந்தில உக்காந்துருக்காரு. கடைசில வெல்டிங் பட்டறைப் பையன் வந்து அறுத்தான். அதுக்குள்ள படப்பு போச்சு, பக்கத்துல மாட்டுக்கொட்டாய் கூரையும் போச்சு. மாட்டை அவுத்து விட்டது அத்தை, அது ஒண்ணு தான் அன்னைக்கு சரியா நடந்துச்சு.

அதுக்கப்புறம் தீயணைப்பு நிலையத்துல உள்ளவங்கட்ட உக்காந்து பேசினதுலயும், நாங்க பட்டதுலயும் தெரிஞ்சத சொல்றேன். ஆத்துக்கு அங்கிட்டு, கம்மாய்க்கு உள்ள, ரயில்வே சப்வேக்கு பின்னாடின்னு ஒரே வழில மாட்டிட்டு இருக்குற எல்லா ஊருக்கும் இது பொருந்தும்.

பாலம் இருக்குன்னா வண்டி வந்துரும்னு நினைக்கிறது தான் முதல் தப்பு. பெரிய வண்டில 4500 லிட்டர் தண்ணி இருக்கும், தண்ணி மட்டுமே நாலரை டன், வண்டியோட சேத்தா பத்து டன்னுக்கு மேல. மாட்டு வண்டி காலத்துல கட்டுன பாலம் அதைத் தாங்குமான்னு யாரும் கேட்டுப் பாத்ததே இல்ல. டிரைவர் இருட்டுல கைப்பிடிச் சுவர் விழுந்து கிடக்குறதப் பாத்தா ஏத்த யோசிக்கத்தான் செய்வாரு, அவரைத் திட்டி பிரயோஜனம் இல்ல. வருஷா வருஷம் ஏப்ரல் 14ல இருந்து 20 வரைக்கும் தீ தொண்டு வாரம் நடத்துறாங்க, 1944ல பம்பாய் துறைமுகத்துல கப்பல் வெடிச்சு தீயணைப்பு வீரர்கள் நிறைய பேரு செத்த நாள் அது. அந்த வாரத்துல ஊர் ஊரா வந்து செஞ்சு காட்டுவாங்க. அப்ப கூப்பிடுங்க, பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு காட்டுனா மட்டும் பத்தாது, வண்டிய பாலத்துல ஏத்தி ஊர்க்கடைசி வரைக்கும் ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க. எங்க திரும்பாது, எந்த ஒயர் இடிக்கும், எந்த வளைவு தடுக்கும், எல்லாம் பகல்லயே தெரிஞ்சுரும்.

அடுத்தது, மொதல்ல நாம அணைச்சுப் பாப்போம் முடியலைன்னா போன் பண்ணுவோம்ங்கிற எண்ணம். எங்க மாமாவும் அதான் பண்ணாரு, குடத்துல பத்து நிமிஷம் ஊத்திட்டு அப்புறம் தான் யாரோ போன் பண்ணாங்க. 101 இல்ல 112, பொகையப் பாத்த உடனே அடிச்சுருங்க, வர்றதுக்கு காசு கேக்க மாட்டாங்க, அணைஞ்சு போச்சுன்னா மறுபடி கூப்பிட்டு சொல்லிக்கலாம். போன்ல "காளியம்மன் கோயில் தெரு, சீக்கிரம் வாங்க"ன்னா எந்த ஊரு காளியம்மன்? ஊர் பேரு, எந்தப் பாலம் வழியா வரணும், தரைப்பாலத்துல தண்ணி போகுதா, கம்பி இருக்கா, எரியுறது கூரையா கேஸா, இதைச் சொல்லணும். கையோட ஒரு ஆளு டார்ச்சோட மெயின் ரோட்டு முக்குல நிக்கணும். வேடிக்கை பாக்க வர்ற பைக் பூராத்தையும் பாலத்துல நிறுத்தாம பாத்துக்கிறதும் அந்த ஆளு வேலை தான், எங்க ஊர்ல அன்னைக்கு அது மட்டும் ஒரு முப்பது பைக் இருக்கும்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். தண்ணி. எங்க ஊர்ல கிணத்துக்கும் போருக்கும் குறைச்சலே இல்ல, அதனால தண்ணிக்கு என்ன பஞ்சம்னு நினைச்சிட்டு இருந்தோம். தீ மேல போற கரண்ட் ஒயர் வரைக்கும் ஏறவும் ஈபில சொல்லி லைனை ஆஃப் பண்ணாங்க, அது சரியான காரியம், பண்ணித்தான் ஆகணும். ஆனா அந்த நிமிஷமே ஊர்ல இருக்குற அத்தனை மோட்டாரும் செத்துப் போச்சு. கிணத்துக்குள்ள தண்ணி மினுக்கு மினுக்குன்னு தெரியுது, வாளி விட்டு இறைக்க கயிறு கூட எவன்ட்டயும் இல்ல. வெத்தலைக் கொடிக்கால்ல கிடந்த பழைய ஆயில் எஞ்சினை நாலு பேரு தூக்கிட்டு ஓடியாந்தாங்க, அதுல டீசல் இல்ல, டீசல் வந்தா, உறிஞ்சுற குழாய் அடில இருக்குற புட்வால்வு ஒழுகுது. ஒத்த வழி உள்ள ஊர்ல கரண்ட் இல்லாம ஓடுற எஞ்சின் ஒண்ணாவது, டீசலோட, ஓஸோட, மாசம் ஒருக்கா ஓட்டிப் பாத்து வைக்கணும். தீ அணைக்கிற சிலிண்டர விட எனக்கு இது தான் பெருசா படுது, ஏன்னா 6 கிலோ பவுடர் சிலிண்டர் இருபது செகண்டுக்குள்ள தீந்துரும், அது அடுப்பு அளவு தீக்கு தான்.

வண்டி உள்ள வந்தாலும் கதை முடியல, நல்லா திறந்து விட்டா 4500 லிட்டர் அஞ்சாறு நிமிஷம். ரொப்ப பாலம் தாண்டி போயிட்டு வந்தா அரை மணி நேரம். வண்டி பம்பே உறிஞ்சிக்கும், ஆனா சுமார் 7 மீட்டருக்கு கீழ இருக்குற தண்ணிய அதால இழுக்க முடியாது, இருபது இருபத்தஞ்சு அடிக்கு கீழ போயிட்ட கிணறு இருந்தும் ஒண்ணு தான் இல்லாட்டியும் ஒண்ணு தான். வாய்க்கால்ல பங்குனி சித்திரைல தண்ணியே விட மாட்டாங்க, தீ பிடிக்கிறதோ அப்பத்தான். வண்டி பக்கத்துல போய் நிக்கிற மாதிரி ஊருணியோ சிமெண்டுத் தொட்டியோ ஒண்ணு வேணும், போற வழில எருக்குழி போட்டு வைக்கக் கூடாது.

படப்ப பத்தி ஊர்க்காரனுக்கு நான் சொல்லணுமா, ஆனாலும் கரண்ட் ஒயருக்கு கீழ தான் போடுறோம், வீட்டுச் சுவத்த ஒட்டித் தான் போடுறோம். ஈர வைக்கோலை அவசரத்துல அடுக்குனா உள்ளுக்குள்ளயே சூடேறி தானா கூட பத்திக்கும். மேல தண்ணி அடிச்சு தீ தெரியாமப் போனா அணைஞ்சுருச்சுன்னு படுக்கப் போகாதீங்க, உள்ள கங்கு கிடக்கும், பிரிச்சு விட்டு நனைக்கணும். எங்களுக்கு விடிகாலை நாலு மணிக்கு ரெண்டாவது தடவை பிடிச்சுச்சு.

கேஸ் சிலிண்டர்னா ரெகுலேட்டர மூடணும், முடியலைன்னா ஆளுகள வெளிய கூட்டிட்டு வந்துரணும், கசிஞ்ச கேஸ் தரையோட தான் படுத்துக் கிடக்கும்ங்கிறதால சுவிட்ச்ச தொடவே கூடாது. காரை வீடு எரியாதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, 2018 பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துல கடைகள் எரிஞ்சப்ப கல்லே வெடிச்சு மண்டபத்துல ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு.

நாள் பாக்காம இருக்குறதும் ஒரு தப்பு தான். வைகை அணை 66 அடியத் தொட்டா முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 ரெண்டாவது, 69 மூணாவது. இது பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைல தான் வரும். தரைப்பாலம் முங்கிக் கிடக்குற அதே வாரத்துல தான் வீட்டுக்கு வீடு விளக்கு ஏத்தி சொக்கப்பனையும் கொளுத்துறோம். சித்திரைல அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு இன்னும் மோசம், ஊர்ல பாதி ஆம்பளை மதுரைல, தோல் பையத் தூக்கிட்டு தண்ணி பீச்சப் போனவன் பூரா அங்க, இங்க காஞ்சு கிடக்குற கூரைக்கு காவல் பாட்டிமாரு தான். அந்த ரெண்டு நாளைக்கும் எஞ்சின் ஓட்டத் தெரிஞ்ச நாலு பேரு ஊர்லயே இருக்கணும்னு பேசி வச்சுக்கணும். பாம்பன்ல 1988ல ரோட்டுப் பாலம் திறக்குற வரைக்கும் ரயில் பாலம் ஒண்ணு தான், 1964 புயல்ல அதுவும் அடிச்சிட்டுப் போச்சு. அக்கரைல இருந்து வண்டி வரும்னு தீவுக்காரன் எவனும் உக்காந்துருக்க முடியாது.

எங்க பாலத்துக் கம்பிய எடுக்கல, எடுத்தா மறுநாளே மணல் லாரி வந்துரும். சாவி மட்டும் இப்ப ரெண்டு, ஒண்ணு நிலையத்துலயே குடுத்தாச்சு, இன்னொண்ணு பாலத்து முக்கு டீக்கடைல ஆணில தொங்குது. கடைக்கார அண்ணன் மாமியார் ஊருக்குப் போனா சாவிய யார்ட்ட குடுத்துட்டுப் போகணும்ங்கிறதுல தான் போன வாரம் பஞ்சாயத்து கூடி, முடிவாகாம கலைஞ்சுருக்கு.