பழைய கேம்பர் வேன் வாங்கப் போகிறீர்களா? முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஈஸ்டர் லீவு நெருங்கினால் போதும், யாராவது போன் போட்டு, "அண்ணா, பழைய கோம்பி வேன் ஒன்று விலைக்கு வந்திருக்கு, உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்பார்கள். அடியில் படுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே வராது.

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மஞ்சள் திரைச்சீலை, மடக்கு மேசை, அதில் ஒரு பூச்சாடி வேறு. மத்தியானம் போய்ப் பார்த்தபோது இஞ்சின் சூடாக இருந்தது, இப்போதுதான் கடைக்குப் போய்விட்டு வந்தேன் என்றார் விற்றவர், நானும் தலையாட்டினேன். ஆறாவது வாரம் வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் வெப்பமானி முள் உச்சிக்குப் போனது. டோ வண்டி வரும்வரை சாலையோரம் உட்கார்ந்து பிள்ளைகளோடு புளிச்சோறு சாப்பிட்டோம்.

கோளாறு ஆறிய இஞ்சினில்தான் தெரியும், அதனால் காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள். போனதும் இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கோம்பி என்று கிடைப்பதில் பெரும்பாலானவை ஃபோக்ஸ்வாகன் மைக்ரோபஸ்தான். ஜெர்மனியில் நிறுத்திப் பல வருடம் கழித்தும் யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் (இப்போது அந்த ஊர் பெயர் கரீகா) 2002 வரை செய்தார்கள். 2.1 லிட்டர் பாக்ஸர் இஞ்சினும் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும்) உண்டு, பிறகு வந்த 2.3, 2.6 போன்ற ஐந்து சிலிண்டர் இஞ்சின்களும் உண்டு. எதுவானாலும் இஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவே வண்டிக்கு அடியில் நீளத்துக்குக் குழாய்கள் ஓடும், அடியில் படுத்துப் பார்க்கச் சொல்வது அதற்குத்தான். எங்கே ஒழுகினாலும், காற்று அடைத்தாலும் இஞ்சின் கொதிக்கும். இஞ்சின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மூடியைத் திறந்து பாருங்கள். செம்மண் தண்ணி மாதிரி இருந்தால் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள், உள்ளே அரித்திருக்கும். ஆயில் மூடிக்கு அடியில் மயோனைஸ் மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதை பைன்டவுனிலிருந்து க்ளூஃப் பக்கம் ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லில் வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

அடுத்தது துரு. டர்பன் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது, உள்நாட்டு வண்டி என்றால் கொஞ்சம் தேவலாம். தகடுகள் சேரும் தையல் கோடுகள், முன்கண்ணாடி ரப்பரின் ஓரம், சக்கர வளைவு, முன்சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்காரும் தட்டு, இங்கெல்லாம் விரலால் அழுத்துங்கள். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்திப் பார்த்தேன், என் வண்டியில் இடப்பக்கச் சக்கரத்துக்கு மேல் ஒரு கையகலத்துக்கு அது ஒட்டவே இல்லை. அவ்வளவும் பட்டி, துரு தின்ற இடத்தை அடைத்துப் பூசிய பசை. என்ன பிரயோஜனம், காசு கொடுத்த பிறகுதானே பார்த்தேன்.

மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. தூக்குக் கூரையின் கேன்வாஸ் ஒழுகினால் அலமாரியின் அடிப்பலகை ஊறிப்போய் பூஞ்சை வாடை அடிக்கும். திரை, மெத்தை, சமையல் மேசையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அதற்காக விலையை ஏற்றாதீர்கள். ஃபிரிட்ஜை மட்டும் காஸ், 12 வோல்ட், 220 வோல்ட் மூன்றிலும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காஸ் குழாயைத் தெரிந்த ஆள் பார்க்காமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். டயர் பளபளப்பாகத்தான் இருக்கும், பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 1214 என்றால் 2014-இன் பன்னிரண்டாவது வாரம் செய்த டயர்.

அப்புறம் காகிதம். பதிவுச் சான்றிதழில் டைட்டில் ஹோல்டர் (சட்டப்படி உரிமை உள்ளவர்) என்ற இடத்தில் வங்கி பெயர் இருந்தால், கடன் அடையும்வரை காசு கைமாறக் கூடாது. சேஸிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் நீங்களே வண்டியில் பார்த்து ஒத்துப் பாருங்கள். அதே சான்றிதழில் கோட் 3 என்றிருந்தால் ஒருமுறை நொறுங்கி மீண்டும் கட்டிய வண்டி. லைசென்ஸ் டிஸ்க் (வருடா வருடம் கட்டணம் கட்டிக் கண்ணாடியில் ஒட்டுவது) பாக்கி எத்தனை வருடம் என்று கேளுங்கள். வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற ரோட்வர்த்தி சான்றிதழை விற்பவருக்குத் தெரிந்த இடத்தில் எடுக்க விடாதீர்கள், நீங்கள் சொல்லும் சோதனை நிலையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ் 60 நாள்தான் செல்லும், வண்டி கைமாறிய பிறகு பெயர் மாற்றவோ 21 நாள்தான் உண்டு.

சரி, வாங்கியாயிற்று. முதல் வேலையாகப் பெட்ரோல் ஹோஸ் முழுவதையும் மாற்றுங்கள். பழைய ரப்பர் வெடித்து, சூடான இஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டித்தான் பல கோம்பிகள் தீப்பிடித்தன. தீயணைப்பானைக் கதவுப் பக்கம், கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

முதல் பயணமாக ட்ராகன்ஸ்பர்க் மலை எல்லாம் வேண்டாம். ஸ்காட்பர்க் மாதிரி பக்கத்துக் கடற்கரையில் ஒரு ராத்திரி தங்கி, எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அடுப்பு, ஃபிரிட்ஜ், விளக்கு எல்லாம் வேலை செய்தன, தீப்பெட்டிதான் இல்லை.