கரையும் சிற்பமும் கணினியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணல், பனிக்கட்டி, களிமண் போன்ற இயற்கைப் பொருள்களோடு சென்சார், புரொஜெக்டர், கணினி ஆகியவற்றைச் சேர்த்து, சில மணி நேரமோ சில வாரங்களோ மட்டும் நிற்கும் சிற்பங்களைச் செய்வோரிடம் காணப்படும் முதன்மையான தவறு, திரையில் வரைந்த மாதிரியையே இறுதி வடிவமாக நம்புவதாகும். முப்பரிமாண அச்சுப்பொறியில் அடுக்கடுக்காக அச்சிட்ட களிமண், காயும்போதே நீளத்தில் 5 சதவீதத்துக்கும் மேல் சுருங்கக்கூடும். மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் அளவு சரியாகும்; வெடிப்பு நிற்காது. மெல்லிய பகுதி முந்திக் காய்ந்து தடித்த பகுதியை இழுப்பதால் வருவது அது. சுவரின் தடிமனைச் சீராக்கி மெதுவாக உலரவிடுவதே அதற்கு வழி.

உயிருள்ளவை பங்கேற்கும்போது அவற்றின் இயல்பை அறியாமல் நிரல் எழுதுவது இன்னும் பெரிய தவறு. 2013-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஊடக ஆய்வகத்தில் வடிவமைப்பாளர் நேரி ஆக்ஸ்மன் குழுவினர் அமைத்த பட்டுப் பந்தலில், கணினி இயக்கிய எந்திரம் 26 பலகோணச் சட்டங்களில் பட்டு நூலைக் கட்ட, அவற்றின்மீது 6,500 பட்டுப்புழுக்கள் விடப்பட்டன. புழுக்கள் இருண்ட, அடர்ந்த இடங்களை நாடும் என்பது முன்பே தெரிந்திருந்ததால், நூலின் நெருக்கமும் இடைவெளிகளும் அவற்றுக்கு வழிகாட்டின.

மணலின்மேல், முன்பே பதிவுசெய்த காணொளியைப் புரொஜெக்டரால் பாய்ச்சுவதும் பலர் செய்வதே. மணல் சரிந்தவுடன் படமும் மேடும் பொருந்தாமல் போகும். ஆழத்தை அளக்கும் கேமரா மேட்டைத் தொடர்ந்து படித்துப் படத்தைத் திருத்தினால் இச்சிக்கல் தீரும். ஆனால் அகச்சிவப்பொளியை நம்பும் அத்தகைய கேமரா நேர் வெயிலில் தடுமாறும். ஈர மணல் கருத்திருப்பதால் ஒளியை விழுங்கும் என்பதையும் ஒத்திகையில் காணத் தவறுகின்றனர். (புரொஜெக்டரின் வெளிச்சத்தைக் கூட்டி அதை மறைக்கப் பார்ப்பது என் கண்ணுக்கு மணலையே மறைப்பதாகப் படுகிறது.)

மட்கும் பொருள் என்று சொல்லிவிட்டு அதில் செயற்கைப் பசையைக் கலப்பது மற்றொன்று. இதற்கு மாறாக, 2014-இல் நியூயார்க்கின் மோமா பி.எஸ்.1 கலைக்கூட முற்றத்தில் 'தி லிவிங்' என்னும் கட்டடக்கலைக் குழு, சோளத்தட்டையையும் பூஞ்சை இழைகளையும் கொண்டு வளர்த்த சுமார் 10,000 செங்கற்களால் கட்டிய கோபுரங்கள், பிரித்தபின் உரமாக்கப்பட்டன. கடற்கரையில் செய்வோர் மின்கலம், கம்பி, சென்சார் ஆகியவற்றை மணலில் தனித்தனியே புதைக்காமல், எண்ணிக் குறித்து ஒரே பெட்டியோடு கட்டிவைத்து, அலை ஏறும் நேரத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். உப்புநீர் புகுந்த லித்தியம் மின்கலம் தீப்பிடிக்கவும் கூடும்.