டாங்கி வழிந்தால் போனுக்குச் செய்தி: ஜிக்பீ நெட்வேர்க் அமைப்பது எப்படி?

மோட்டரைப் போட்டுவிட்டு மறப்பதும், மேல் டாங்கி வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் சத்தம் போடுவதும் எங்கள் ஒழுங்கையில் வழக்கமான சங்கதி. இப்போது திருகோணமலை உவர்மலையில் இரண்டு வீடுகளில் ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் குறுந்தூர ரேடியோ இணைப்பு) சென்சர் அந்த வேலையைப் பார்க்கிறது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்டையும் ஜிக்பீ கருவிகளை அதோடு இணைக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளையும் ஏற்கெனவே ஓட்டுபவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

வைஃபை சென்சர் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். ஜிக்பீ சென்சர் அனேகமாகத் தூங்கிக்கொண்டே இருக்கும். சொல்ல ஏதாவது இருந்தால் எழும்பிச் சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிடும். வேகம் செக்கனுக்கு 250 கிலோபிட்தான். போதும், நாம் என்ன படமா பார்க்கப் போகிறோம்? தூரம் குறைவுதான், ஆனால் கரண்டில் ஓடும் ஜிக்பீ கருவிகள் ஒன்றின் செய்தியை மற்றது வாங்கிக் கடத்தும். ஸ்பெயினின் துறைமுக நகரமான சாந்தாந்தேரில் 2010இல் தொடங்கிய ஸ்மார்ட் நகரத் திட்டத்திலும் ஜிக்பீக்கு அடிப்படையான அதே 802.15.4 ரேடியோதான். வீதிக்குள் புதைத்த வாகனத் தரிப்பிட சென்சர்களின் செய்தியைத் தெருவிளக்குக் கம்பங்களில் பூட்டிய கருவிகள் வாங்கிக் கடத்தின. நம் வீட்டில் அந்தக் கம்பத்தின் வேலையை ஒரு ஸ்மார்ட் பிளக் செய்யும்.

படி 1: சாமான்
யூஎஸ்பி டொங்கிள் (கணினியில் செருகும் ஜிக்பீ ரேடியோ), தண்ணீர் கசிவு சென்சர், ஸ்மார்ட் பிளக், ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர். டொங்கிளில் என் தெரிவு சோனோஃப் டொங்கிள் ப்ளஸ். அன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருப்பதே முக்கிய காரணம். பிளக் வாங்கும்போது பெட்டியில் ஜிக்பீ என்று இருக்கிறதா பாருங்கள். அதே முகத்தோடு வைஃபை பிளக்கும் விற்கிறார்கள்.

படி 2: டொங்கிளைத் தள்ளி வையுங்கள்
நீல நிற யூஎஸ்பி 3 துளைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கிளப்பும். 2012இல் இன்டெல்லே இதை எழுதி வெளியிட்டது. கறுப்புத் துளையில் நீட்டிப்பு வயரைச் செருகி, டொங்கிளை ராஸ்பெர்ரி பையிலிருந்தும் வைஃபை ரவுட்டரிலிருந்தும் விலக்கி வையுங்கள்.

படி 3: சனல்
என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஜிக்பீ2எம்க்யூடிடி தானாக எடுப்பது 11ஆம் சனல். வைஃபையிலும் 11 இருக்கிறது, ஆனால் அது வேறு இடம். ஜிக்பீ 11 இருப்பது 2405 மெகாஹெர்ட்ஸில், அதாவது வைஃபை 1இன் வயிற்றுக்குள். வைஃபை 1இல் ஓடும் ரவுட்டரில் யாராவது வீடியோ பார்க்கத் தொடங்கினால் சென்சரின் குரல் அமுங்கிப்போகலாம். இரவில் நன்றாக வேலை செய்து பகலில் காணாமல் போகும் சென்சர் என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

போனில் ஒரு வைஃபை அனலைசர் போட்டு அக்கம்பக்கத்தைப் பாருங்கள். எல்லோரும் 1, 6, 11இல் இருந்தால் ஜிக்பீக்கு 25 நல்லது, அது 2475. யாராவது 12, 13இல் இருந்தால் அதுவும் சரிவராது, 15 அல்லது 20ஐ எடுங்கள். இரண்டும் வைஃபை சனல்களுக்கு இடையிலுள்ள சந்தில் விழுகின்றன. 26 வேண்டாம், சில கருவிகள் அதில் பலவீனமாகத்தான் பேசும். எதை எடுத்தாலும் இணைப்பதற்கு முன்பே கொன்ஃபிகரேஷன் கோப்பில் எழுதிவிடுங்கள். பிறகு மாற்றினால் சில கருவிகளை மறுபடி இணைக்க வேண்டி வரும்.

படி 4: இணைப்பது
முதலில் பிளக். டாங்கிக்கும் டொங்கிளுக்கும் நடுவில், கொங்கிரீட் தட்டு குறுக்கே வராத ஒரு சுவரில் செருகுங்கள். அப்புறம் சென்சரை, அது இருக்கப்போகும் இடத்தில் வைத்தே இணையுங்கள்.

படி 5: பொருத்துவது
டாங்கி வழிந்து விழும் குழாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் சென்சர். மேலே ஒரு தகரத் துண்டு கட்டாயம், இல்லாவிட்டால் மார்கழி மழையெல்லாம் உங்கள் போனில் அடிக்கும். அடியில் இருக்கும் உலோகப் புள்ளிகளை இடைக்கிடை துடையுங்கள். கடல் காற்று அதைச் சும்மா விடாது. ஹோம் அசிஸ்டன்டில் ‘ஈரம் பட்டால் அறிவிப்பு’ என்று ஒரு ஓட்டோமேஷன். அவ்வளவுதான்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் இருவர், சென்சர் அடிக்கடி தொலைகிறது என்றார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே கதை. கரண்ட் மிச்சம் பிடிக்க அம்மா சுவர் சுவிட்சை நிறுத்திவிடுகிறார், பிளக் செத்துவிடுகிறது, அதை நம்பியிருந்த சென்சரும் அனாதை. சுவிட்சின் மேல் டேப் ஒட்டுங்கள்.

இன்னொருவர், அதே பிளக்கில் மோட்டரையும் நிறுத்தலாமா என்று கேட்டார். வேண்டாம். மோட்டர் தொடங்கும்போது இழுக்கும் கரண்ட் சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு. பிளக்கின் உள்ளே இருக்கும் ரிலே (சிறு மின் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டால் மோட்டர் நிற்கவே நிற்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு கொன்டாக்டர் (மோட்டர் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) போடுங்கள், பிளக் அதை மட்டும் இயக்கட்டும்.