சேலத்தில் சீசன் டிக்கெட் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

சேலம் ஜங்ஷனிலிருந்து ஈரோடு சுமார் 60 கி.மீ. தினமும் ரயிலில் போய்வர, மொத்தமாகப் பணம் கட்டிச் சீசன் டிக்கெட் எடுக்கிறவர்கள் ஏராளம். கவுண்டரில் பலர் கேட்பது ஒரே கேள்வி: "மாசம் எவ்வளவு?" தூரம், வண்டியின் வகை, எத்தனை மாதம் என்ற மூன்றையும் பொறுத்துத்தான் கட்டணம். ஒன்றைக் கேட்காமல் விட்டாலும் பிறகு அபராதத்தில் போய் நிற்கும்.

வண்டியில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குக் கூடுதல் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். அதனால் காலையில் ஏறப்போகும் வண்டியின் எண்ணைச் சொல்லியே சீசன் கேளுங்கள். முன்பதிவுப் பெட்டியில் சீசன் செல்லாது. என் தம்பி ஒருநாள் கூட்டம் தாங்காமல் ஸ்லீப்பரில் ஏறிவிட்டான். சீசனைக் காட்டியும் பயனில்லை. டிக்கெட் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம் என்பது விதி. அவனுடைய சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை.

எல்லையையும் பாருங்கள். ஈரோடு–சேலம் ஜங்ஷன் சீசனை வைத்துக்கொண்டு, ஆத்தூர் பக்கம் போகும் வண்டியில் சேலம் டவுன் ஸ்டேஷனில் இறங்கினால், ஜங்ஷனுக்கு அப்பால் நீங்கள் டிக்கெட் இல்லாத பயணி. கோவைக்குச் சீசன் கேட்டு வருகிறவர்களும் உண்டு. வரம்பு 150 கி.மீ., கோவை அதைத் தாண்டிவிடுகிறது.

மூன்று மாதச் சீசனுக்கு மாதக் கட்டணத்தைப்போல் 2.7 மடங்கு, ஓராண்டுக்கு 10.8 மடங்கு. மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கு 900 அல்ல, 810 தான். வேலை நிலையாக இருப்பவர்கள் இதைத் தயங்காமல் எடுக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மாதச் சீசனே நல்லது. வேலை மாறினாலும் பாதியில் நின்றாலும் சீசனுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் சீசன் செல்லாது. அடுத்தவருக்குக் கொடுக்கவும் கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு வேறு. பொம்மிடியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் சேலத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் பணம் கட்டிச் சீசன் எடுக்கிறார்கள். வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீசன், பெண்பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும் பையன்களுக்குப் பிளஸ் டூ வரையிலும் இலவசம். பள்ளியிலோ கல்லூரியிலோ சான்று வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் போங்கள்.