சிசிஆர்5 டெல்டா 32: எச்.ஐ.வி-யைத் தடுக்கும் மரபணு மாற்றத்தை பிசிஆரில் கண்டறியும் முறை

நோய் எதிர்ப்பு செல்லான டி செல்லுக்குள் நுழைய எச்.ஐ.வி-க்கு, அதன் மேற்பரப்பிலுள்ள சிடி4 என்ற ஏற்பி (வைரஸ் பற்றிக்கொள்ளும் புரதம்) மட்டும் போதாது. பெரும்பாலான வைரஸ் வகைகளுக்கு சிசிஆர்5 என்ற ஏற்பியும் வேண்டும். அதன் மரபணுவில் 32 கார இணைகள் (டிஎன்ஏ-வின் எழுத்து ஜோடிகள்) விடுபட்டால் புரதம் அரைகுறையாகி, செல்லின் மேற்பரப்புக்கே வராது. இதுவே டெல்டா 32. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்குத் தொற்று மிக அரிது என்பது 1996-இல் தெரியவந்தது. மரபணுவின் அந்தப் பகுதியை பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) பெருக்கி, அதன் நீளத்தை ஜெல்லிலேயே (மின்சாரத்தால் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் கூழ்) அளந்துவிடலாம்.

ஒப்புதல் பெற்று, இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் 2 மில்லி ரத்தம் எடுங்கள். இன்னொரு உறைவுத் தடுப்பானான ஹெப்பாரின் உள்ள குழாய் வேண்டாம். அது டிஎன்ஏ-வோடு ஒட்டிவந்து, டிஎன்ஏ-வைப் பெருக்கும் நொதியான பாலிமரேஸை முடக்கும். ரத்தத்திலிருந்து டிஎன்ஏ-வைப் பிரித்தெடுங்கள். 25 மைக்ரோலிட்டர் பிசிஆர் கலவைக்கு 50 நானோகிராம் டிஎன்ஏ போதும். விடுபடும் பகுதியின் இருபுறமும் அமரும் ப்ரைமர் (பெருக்கம் தொடங்கும் இடத்தைக் காட்டும் குறுகிய டிஎன்ஏ இழை) ஜோடி தேவை. பரவலாகப் புழங்கும் ஒரு ஜோடி, இயல்பான மரபணுவில் 189, மாறியதில் 157 கார இணை நீளமுள்ள துண்டைத் தரும். 94 டிகிரியில் 5 நிமிடம். பிறகு 94, ப்ரைமருக்கேற்ற வெப்பநிலை (பெரும்பாலும் 55–60), 72 டிகிரி என ஒவ்வொன்றிலும் 30 நொடி, 35 சுற்று.

ஜெல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 1% அகரோஸ் ஜெல்லில் 189-உம் 157-உம் ஒரே பட்டையாகத் தெரியும். 3% ஜெல்லும் 50 கார இணை லேடரும் (நீளத்தை ஒப்பிட உதவும் அளவுகோல் டிஎன்ஏ) வையுங்கள். 100 வோல்ட்டில் சுமார் ஒரு மணி நேரம் ஓட்டலாம்.

189 மட்டும் இருந்தால் இயல்பு. இரண்டும் இருந்தால், தாய், தந்தையிடமிருந்து வந்த இரு மரபணுப் பிரதிகளில் ஒன்று மட்டுமே மாறியது. இவர்களுக்கு 189-க்கு மேலே மூன்றாவது பட்டையும் தெரியலாம். அது மாசு அல்ல. நீள இழையும் குறுகிய இழையும் பொருந்தாமல் சேர்ந்து மெதுவாக நகர்வதால் வருவது. 157 மட்டும் வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு பிரதி பெருகாமல் விட்டிருக்கலாம். புதிதாக டிஎன்ஏ பிரித்துத் திரும்பச் செய்யுங்கள். இந்தியாவில் இந்த மாற்றம் மிக அரிது என்பதால், இரு பிரதிகளில் ஒன்று மட்டும் மாறியதாக உறுதியான மாதிரி ஒன்றை ஒவ்வொரு ஓட்டத்திலும் சேர்ப்பது கட்டாயம். இல்லாவிட்டால் சோதனையே வேலை செய்யாததும் 'மாற்றம் இல்லை' என்பதுபோலத் தெரியும். டிஎன்ஏ இல்லாத வெற்றுக்குழாயும் ஒன்று ஓடட்டும்.

2007-இல் பெர்லினில் ரத்தப் புற்றுநோய்க்காக டிமோதி ரே பிரவுனுக்கு, இரு பிரதியும் மாறிய கொடையாளரின் ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள்; எச்.ஐ.வி-யும் நீங்கியது. ஆனாலும் முடிவைச் சொல்லும்போது 'உங்களுக்கு எச்.ஐ.வி வராது' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி வழியாக நுழையும் வைரஸ்களை இந்த மாற்றம் தடுக்காது. ஆணுறையும் மற்ற தடுப்புகளும் இவர்களுக்கும் வேண்டும்.